80 வயது அப்பத்தாவுக்கு முதல் விமானப் பயணம்: திருச்சியா, மதுரையா, சென்னையா?

கண்டனூர்ப் பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பத்தா கண்டனூரில் இருக்கிறார்கள். வயது 80. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது. கொள்ளுப்பேத்தியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பத்தாவுக்கு ஆசை. ஆனால் விமானம் என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

காரணம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 1954-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தபோது அப்பத்தாவுக்கு ஒன்பது வயது. செய்தி வந்த அன்று வளவில் பெரியவர்கள் எல்லாம் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறதாம். "அவுகளுக்கே அப்படி ஆச்சுன்னா நமக்கு என்ன" என்கிறார்கள். எங்கள் ஐயாவும் (தாத்தா) நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறித்தான் போய் வந்தார்கள், விமானத்தில் ஏறியதே இல்லை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். எந்த ஊரிலிருந்து கிளம்புவது? எந்த விமானம், எந்த சீட்? அந்த 1954-ஐப் பற்றி அப்பத்தாவிடம் நான் என்ன சொல்வது?

---

மயிலாப்பூர் பயணி

யோசிக்கவே வேண்டாம், சென்னை. இரண்டு நடைபாதை உள்ள பெரிய விமானம் கிடைக்கும். அந்த வகையில் புதிய ரகங்களான ஏ350, 787 இரண்டிலும் கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். பழைய உலோக விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். காது அடைப்பு, களைப்பு எல்லாம் பெரிய விமானத்தில் குறைவு. சாப்பாடும் டிக்கெட்டோடு சேர்ந்தது. வயதானவர்களுக்கு இதுதான் சரி.

---

செக்காலை மொட்டைமாடி

தங்கச்சி, நான் காரைக்குடி செக்காலையில் இருக்கிறேன். விமானம் பார்ப்பது முப்பது வருஷப் பழக்கம். ஒவ்வொரு விமானமும் தன் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே போகும். அதைப் பிடிக்க மொட்டைமாடியில் ஒரு சின்ன ஆண்டெனா நட்டு வைத்திருக்கிறேன். நல்ல நாளில் கொழும்பில் ஏறுவது முதல் திருச்சியில் இறங்குவது வரை என் திரையில் தெரியும்.

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டும் அதைவிடச் சின்னவை. அப்பத்தாவிடம் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுபது வருஷமாக மனசில் வைத்திருக்கும் விஷயம். நடந்தது என்ன என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

1954 மார்ச் 13. பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம். நான்கு பிஸ்டன் எஞ்சின், வாலில் மூன்று துடுப்பு. அவ்வளவு அழகான பயணிகள் விமானம் அதற்குப் பிறகு வரவில்லை என்பது என் எண்ணம். சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போகும் வழியில், ஜகார்த்தாவைத் தாண்டி, சிங்கப்பூரின் காலாங் நிலையத்தில் இறங்க வந்தது. ஓடுபாதை தொடங்குவதற்கு முன்னாலேயே தாழ்ந்து, கரைச்சுவரில் இடித்து, புரண்டு தீப்பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். பயணிகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், விமானத்தை இறக்கிய கேப்டன் சிட்னியில் கிளம்பியதிலிருந்து இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் பணியில் இருந்திருக்கிறார். களைப்பு. கீழே தீயணைப்பு ஏற்பாடும் போதவில்லை.

இப்போது நிலைமை என்ன? ஒரு விமானி இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இந்தியாவில் 2025-ல் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக ஆக்கினார்கள். தரையை ஆபத்தான வகையில் நெருங்கினால் விமானமே குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவி உண்டு. ஒரு புது ரக விமானத்துக்கு அனுமதி தருமுன், வாசல்களில் பாதியை அடைத்துவிட்டு, இருட்டில், நிறைந்த விமானத்தை 90 விநாடியில் காலி செய்ய முடியும் என்று நிரூபிக்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் காலாங் போன்ற விபத்துகளில் போன உயிர்களிலிருந்து வந்தவை. அப்பத்தா கேட்ட செய்தி பொய்யில்லை என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள்.

சரி, எந்த ஊர். மயிலாப்பூர் நண்பர் சொன்ன காற்றழுத்தக் கணக்கு உண்மைதான். பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்றால் நானும் அதையே சொல்வேன். சிங்கப்பூர் நாலு, நாலேகால் மணி நேரம். அதற்காகப் பல்லவன் ரயிலில் விடிகாலை ஏற்றி, எழும்பூரில் இறக்கி, டாக்ஸி பிடித்து, மீனம்பாக்கத்தில் காத்திருக்கவைத்தால், பெரிய விமானம் மிச்சப்படுத்தும் களைப்பைவிடப் பயணக் களைப்பு அதிகம்.

திருச்சிதான் நம் நிலையம். நான் இதை அழுத்திச் சொல்வேன். அது ஊருக்குள் இல்லை, புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. நீங்கள் கானாடுகாத்தான், திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் என்று நேராகப் போனால் திருச்சி நெரிசலைத் தொடாமலே வாசலில் இறங்கலாம். கண்டனூரிலிருந்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் திருமயம் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போகலாம். 2024 ஜூன் மாதம் புது முனையம் புழக்கத்துக்கு வந்தது. பழைய கட்டடத்தில் இரவு இரண்டு மூன்று வெளிநாட்டு விமானங்கள் ஒன்றாக வந்தால் நிற்க இடமிருக்காது. இப்போது வெயிலில் நடக்காமல் பாலம் வழியாக விமானத்துக்குள் போகலாம். எனக்கு உள்ள ஒரே குறை ஓடுபாதை. சுமார் 2,480 மீட்டர். பெரிய விமானம் முழுச் சுமையோடு நெடுந்தூரம் கிளம்ப அது போதாது. நிலம் கிடைத்து நீட்டினால்தான் திருச்சி அடுத்த படிக்குப் போகும்.

விமானத்தில் எனக்குப் பிடித்தது ஏ320 வகை. திருச்சியிலிருந்து ஸ்கூட், இண்டிகோ இரண்டும் இந்தக் குடும்பத்தைத்தான் ஓட்டுகின்றன. போயிங் 737-ம் நல்ல விமானம், ஆனால் அதன் உடல் அகலம் 1950-களின் போயிங் 707-லிருந்து வந்தது, உள்ளகலம் 3.54 மீட்டர். ஏ320 உடல் 3.7 மீட்டர் உள்ளகலம் கொண்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அங்குலம் போலக் கூடுதல். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து அப்பத்தா கையைப் பிடித்துக்கொள்ளும்போது அந்த ஓர் அங்குலம் தெரியும்.

இடையில் ஒரு ஊரில் மாறிப் போகும் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். என் ஆத்தாவை அப்படி ஒருமுறை கூட்டிப் போனேன். ஒரு பெரிய நிலையத்தில் வீல்சேர் வரவில்லை. விமானத்தின் வாசலிலேயே நாற்பது நிமிஷம் நின்றோம், அடுத்த விமானத்தின் கதவு மூடும் நேரத்தில் ஓடினோம். ஆத்தாவுக்கு அன்று மூச்சு வாங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து வயதானவர்களுக்கு நேர் விமானம் மட்டும்தான்.

வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பு உறுதி செய்யுங்கள், அதற்குக் காசு கிடையாது. அப்பத்தா நடப்பார்கள் என்றாலும் கேளுங்கள், சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் நடை நீளம். பலகாரம் கொண்டுபோகலாம்: முறுக்கு, சீடை, மணகோலம் எதற்கும் தடையில்லை. ஊறுகாயும் நெய்யும் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். கொப்பரை பெட்டியிலும் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்ற கணக்கு. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான்.

---

வைகைக்கரை

மதுரையை ஏன் யாரும் சொல்லவில்லை? எங்கள் ஊரிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் போகிறதே.

---

செக்காலை மொட்டைமாடி

போகிறது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு. இரு நாட்டு விமான ஒப்பந்தங்களில் மதுரை இடம்பெறாததால் சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் அங்கே வர முடியாது, நம் நாட்டு நிறுவனங்கள் மட்டுமே ஓட்ட முடியும். மதுரைக்கு இது பெரிய அநியாயம் என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது மாறினால் தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு மதுரையே பக்கம். கண்டனூர்க்காரர்களுக்குத் திருச்சிதான்.

---

கண்டனூர்ப் பேத்தி

அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கேப்டன் தூங்காமல் ஓட்டியதைக் கேட்டதும், "பாவம், அந்தப் பிள்ளையை யாரு அவ்வளவு நேரம் ஓட்டச் சொன்னது" என்றார்கள். அப்புறம் நேற்று ராத்திரி அவர்களாகவே கேட்டார்கள்: மேலே போன பிறகு ஏதாவது கெட்டுப்போனால் என்ன செய்வார்கள்? இன்னொன்று, செட்டிநாட்டிலேயே ஏரோப்ளேன் இறங்குகிற இடம் இருந்ததாம், உண்மையா?

---

செக்காலை மொட்டைமாடி

அப்பத்தா கேட்ட கேள்விக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை, நானே பார்த்தேன். 2024 அக்டோபர் 11, சாயங்காலம். திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய 737 ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம் போன்றவற்றை இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பில் பழுது. என் திரையில் அது புதுக்கோட்டைக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு வட்டம், இரண்டு, பத்து. கீழே டிவியில் எல்லோரும் பதறினார்கள். எனக்கும் கை நடுங்கியது, ஆனால் அந்த வட்டங்களைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை வந்தது. ஒவ்வொன்றும் அவ்வளவு நிதானம். 737-800 கிளம்பும்போது 79 டன் வரை இருக்கலாம், இறங்கும்போது 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஏ320-ஐப் போலவே இதிலும் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியது. அவசரப்படாமல் எடையைக் குறைத்து, உள்ளே இருந்த 141 பயணிகளையும் பத்திரமாகத் திருச்சியிலேயே இறக்கினார்கள். கெட்டுப்போனால் என்ன செய்வார்கள் என்றால், இதைத்தான் செய்வார்கள். இதற்காகவே விமானிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்து, எஞ்சின் அணைந்தால், ஹைட்ராலிக் போனால் என்று பழக்குகிறார்கள்.

செட்டிநாட்டு விமானத்தளம் உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. கயத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் எல்லாம் அதே காலத்துத் தளங்கள். இங்கே இப்போது அது கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கிறது. சின்ன வயதில் சைக்கிளில் போய் அந்தத் தடத்தில் நின்றுகொண்டு, எதிரே ஒரு டகோட்டா வருவதாக நினைத்துப் பார்ப்பேன். என் விமான ஆசை அங்கேதான் தொடங்கியது.

காரைக்குடிக்கு விமான நிலையம் வேண்டும் என்று அடிக்கடி குரல் எழுகிறது. நான் அதில் சேரமாட்டேன். ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானத்துக்கு 1,300 மீட்டர் சொச்சம் ஓடுபாதை போதும், இறக்கிவிடலாம். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு மணி நேரத்துக்குள் திருச்சியும் மதுரையும் இருக்கும்போது தினமும் 70, 78 சீட்டை யார் நிரப்புவார்கள்? ஆறு மாதம் ஓடி நின்றுபோனால் அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அங்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி வரட்டும். நாலைந்து செஸ்னா பயிற்சி விமானங்கள் போதும். வானம் தெளிவு, நெரிசல் கிடையாது. நம் பிள்ளைகள் விமானி ஆக லட்சக்கணக்கில் கட்டி வெளிநாடு போக வேண்டியதில்லை.

---

மயிலாப்பூர் பயணி

ஒத்துக்கொள்கிறேன், இந்தப் பயணத்துக்குத் திருச்சியே சரி. திரும்பி வரும்போது காது அடைத்தால், இறங்கத் தொடங்கும்போதே ஒரு மிட்டாய் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள்.

---

கண்டனூர்ப் பேத்தி

டிக்கெட் எடுத்துவிட்டேன்! திருச்சியிலிருந்து நேர் விமானம், ஏ320, பகல் நேரம். வீல்சேர் சொல்லியாகிவிட்டது. சீட் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அப்பத்தா ஜன்னல் வேண்டாம், கீழே பார்த்தால் தலை சுற்றும் என்கிறார்கள்.

---

செக்காலை மொட்டைமாடி

தங்கச்சி, ஜன்னலே எடுங்கள். இடப் பக்கம், இறக்கைக்கு முன்னால், எட்டாவது வரிசைக்குள். ஏ சீட் அப்பத்தாவுக்கு, பி உங்களுக்கு.

ஏன் இடப் பக்கம் என்று சொல்கிறேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் பெரும்பாலும் தென்கிழக்கே திரும்பி, கோடியக்கரைப் பக்கமாகக் கடலைத் தொடும். கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேகம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் இடப் பக்க ஜன்னலில் வடக்கே நீண்டு போகும் கரை தெரியும். அந்தக் கரையில்தான் நாகப்பட்டினம். உங்கள் ஐயா ராஜுலா ஏறிய இடம். உயரத்திலிருந்து பார்த்தால் தலை சுற்றாது என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். மாடியிலிருந்து பார்ப்பது போல இருக்காது, படம் விரித்து வைத்த மாதிரி இருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு நாள் பழைய காலாங் நிலையத்தையும் காட்டுங்கள். ஓடுபாதை 1955-லேயே மூடிவிட்டது, வட்டமான கண்ணாடிக் கோபுரம் வைத்த அந்தக் கட்டடம் மட்டும் இன்னும் நிற்கிறது. அப்பத்தாவுக்கு மனசு இருந்தால் மட்டும்.

---

கண்டனூர்ப் பேத்தி

8ஏ, 8பி எடுத்துவிட்டேன் அண்ணே. நாகப்பட்டினம் என்றதும் அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அந்தப் பக்கந்தானே, மாத்திரமாட்டாகளே" என்று கேட்டார்கள். அப்புறம் உங்களைப் பற்றியும் ஒரு கேள்வி: அவர்கள் போகும் விமானம் உங்கள் மாடித் திரையில் தெரியுமா என்று.

---

செக்காலை மொட்டைமாடி

தெரியும். தேதியும் விமான எண்ணும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கோடியக்கரை தாண்டிக் கடலுக்கு மேல் வெகுதூரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள்.