கட்டபெட்டு வீடு: குடும்பக் குழு

பெரியப்பா, காலை 9:12
வங்கியில் நாளைக்குள் பட்டா, தாய்ப்பத்திர நகல் கேட்கிறார்கள். கணினிக் கோப்புகளை வைக்கும் மாடி அறைச் சேமிப்புப் பெட்டியைக் குரோம் பிரவுசரில் திறக்கப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இரவெல்லாம் இடி மின்னல். பெட்டி போய்விட்டதா?

சித்தி, 9:14
ஐயோ! மாமா ஸ்கேன் செய்து வைத்ததெல்லாம் அதில்தானே இருக்கிறது.

நான், 9:20
பதற வேண்டாம் பெரியப்பா. பெட்டியில் விளக்கு எரிகிறதா?

பெரியப்பா, 9:23
எரிகிறது. பழைய மடிக்கணினியில் போன மாதம்கூடத் திறந்தது கண்ணு. புதிதாக வாங்கியதில்தான் வரவில்லை.

நான், 9:31
அப்படியென்றால் பெட்டிக்கு ஒன்றுமில்லை, கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. நீங்கள் அடிக்கும் முகவரி எஃப்டிபி என்று தொடங்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை அனுப்பும் பழைய முறை அது. அந்த வழியைப் பிரவுசர்களே அடைத்துவிட்டன. குரோம் 2021 ஜனவரியில், 88ஆம் பதிப்பில், அதை நிறுத்திவைத்தது. அக்டோபரில், 95ஆம் பதிப்பில், அடியோடு எடுத்துவிட்டது. பயர்பாக்ஸும் அதே ஆண்டு ஜூலையில் நீக்கிவிட்டது. பழைய மடிக்கணினியில் பிரவுசரைப் புதுப்பிக்காமலே வைத்திருந்ததால் இத்தனை நாள் திறந்திருக்கிறது.

மஞ்சள் நிறக் கோப்புறைப் படம் இருக்கிறதே, பைல் எக்ஸ்ப்ளோரர், அதைத் திறந்து மேலே உள்ள முகவரிப் பட்டியில் அதே முகவரியை அடியுங்கள்.

பெரியப்பா, 9:44
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். பட்டியல் வரவில்லை. பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

நான், 9:50
கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதே நல்ல செய்தி. எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். கட்டளைகள் 21ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாசல் வழியாக, போகும். பட்டியலும் கோப்பும் தனி இணைப்பில் வரும். அந்த இரண்டாவது இணைப்பைப் பெட்டியே தொடங்கினால் கணினியின் காவலாளியான ஃபயர்வால் தடுத்துவிடும். கண்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு. ‘பாசிவ் எஃப்டிபி’ என்ற வரியில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கணினியே போய் வாங்கிக்கொள்ளும்.

பெரியப்பா, 10:07
டிக் இல்லை. போட்டேன். வந்துவிட்டது! பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம் எல்லாம் இருக்கின்றன.

சித்தி, 10:08
அப்பாடா. தாத்தா தேயிலை நாற்று நடும் படம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

நான், 10:10
அங்கேயே திறந்து திருத்தாதீர்கள் பெரியப்பா. முதலில் டெஸ்க்டாப்பில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் அண்ணன், 10:26
ரவுட்டரில் 21ஐத் திறந்துவிட்டால் நானும் இங்கிருந்தே எடுத்துக்கொள்வேனே?

நான், 10:38
வேண்டவே வேண்டாம் அண்ணா. பிரவுசர்கள் கைவிட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். எஃப்டிபியில் பெயர், கடவுச்சொல், கோப்பு மூன்றும் மறையாக்கம் இல்லாமல், இடையில் இருப்பவர் படிக்கும்படி அப்படியே போகின்றன. ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்த அபய் பூஷண் 1971இல் எம்ஐடியில் இருந்துகொண்டு எழுதிய நெறிமுறை அது. வலையமைப்பில் ஒருவரையொருவர் நம்பிய காலம். ஐம்பது ஆண்டு உழைத்திருக்கிறது, அந்த மரியாதை எனக்கு உண்டு. ஆனால் நம் நிலப் பத்திரத்தை அதை நம்பி ஊருக்குத் திறந்து வைக்க முடியாது.

வீட்டுக்குள்ளும் யோசிக்க வேண்டும். கீழ் அறைகளில் தங்கும் விருந்தினர்களுக்கும் அதே வைஃபையைத்தானே கொடுக்கிறோம்? அவர்களில் ஒருவர் நினைத்தால் கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும். பெரியப்பா, பெட்டியின் அமைப்புகளில் எஸ்எஃப்டிபி என்று இருக்கிறதா? அது 22ஆம் போர்ட், எல்லாம் மறையாக்கத்தோடு போகும்.

பெரியப்பா, 10:52
இருக்கிறது. டிக் இல்லை.

நான், 10:55
டிக் போட்டுவிட்டு, எஃப்டிபியை அணைத்துவிடுங்கள். எக்ஸ்ப்ளோரருக்கு எஸ்எஃப்டிபி தெரியாது. பைல்சில்லா என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், நிறுவும்போது நான் போனில் இருக்கிறேன். விருந்தினர் வைஃபையையும் தனியாகப் பிரித்துவிடலாம்.

பெங்களூர் அண்ணன், 10:57
சரி, எனக்கு வேண்டியதைப் பெரியப்பாவிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பெரியப்பா, 11:15
எஃப்டிபியை அணைத்துவிட்டேன். புதுக் கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. இங்கே போடட்டுமா?

நான், 11:15
இங்கே வேண்டாம் பெரியப்பா! நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இதோ அழைக்கிறேன்.