குவாரிக்காரர் தரும் கும்பாபிஷேக நன்கொடை பற்றி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஆற்றங்கரைக் குவாரிக்காரர் நம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தர முன்வந்திருப்பதாக ஊர்ச் சங்கச் செயலாளர் அண்ணன் எழுதியதிலிருந்து மடல்கள் குவிந்துவிட்டன. வாங்கக் கூடாது என்பது என் கருத்து. அவருடைய குவாரி விதிப்படி நடக்கிறதா என்று தெரியும்வரை, அந்தப் பணத்துக்குச் சங்கத்தின் பெயரில் ரசீது போடக் கூடாது.

கடந்த மாசியில் ஊருக்குப் போனபோது அந்தக் குழியை நேரில் பார்த்தேன். அனுமதி கிராவலுக்கு, அதாவது சரளை மண்ணுக்கு. ஆனால் கிராவல் இருப்பது மேலே ஓர் ஆள் உயரத்துக்குத்தான். அதற்குக் கீழே வெட்டுமுகத்தில் வெள்ளை வெளேரென்று தெரிவது மணல், கொள்ளிடம் எந்தக் காலத்திலோ ஓடி விட்டுப்போன மணல். பொக்லைன் நின்றதும் அந்த மணல் மட்டத்தில்தான். எல்லைக் கல் இரண்டு மூலைகளில் மட்டுமே இருந்தது. அனுமதி எண்ணும் பரப்பும் எழுதிய பலகையைத் தேடினேன், காணவில்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 2003இல் 38ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். அதன்படி மணல் எடுக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே. பட்டா நிலமாக இருந்தாலும் தனியார் மணல் எடுக்க முடியாது. ஆகவே அந்தக் குழியில் ஆழம்தான் எல்லாம். கிராவல் அடுக்கு முடிகிற இடத்தில் அவருடைய உரிமையும் முடிந்துவிடுகிறது. முன்பு இதையே சவுடு (பள்ளம் நிரப்பப் பயன்படும் மண்ணின் வட்டாரப் பெயர்) என்ற பெயரில் செய்தார்கள். சவுட்டுக்கு அனுமதி வாங்கி மணல் அள்ளுவது வழக்கமாகிவிட்டதால்தான், வெறுமனே சவுடு என்ற வட்டாரப் பெயரில் அனுமதி தரக் கூடாது, மண்ணின் கூறுகளைச் சோதித்த பிறகே தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. பெயர் மாறிவிட்டது, குழி மாறவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பாலம், குடிநீர் உறிஞ்சு கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டர் சுற்றளவுக்குள், ஆற்றுப் படுகையிலோ அதை ஒட்டிய நிலத்திலோ மணல் எடுக்கக் கூடாது. நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நீர் தரும் கிணறு அந்தக் குழியிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை யாரும் அளக்கவில்லை. மணல்தான் வெள்ளக் காலத்து நீரைக் கோடைவரை பிடித்து வைக்கிறது. மணல் போய்ப் படுகை தாழ்ந்தால் கிணறு வறளும், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பு மேட்டில் நிற்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. 2018 ஆகஸ்ட்டில் திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்ததும், அதே மாதம் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மணல் கொள்ளையே காரணம் என்று விவசாயிகள் அன்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று சிங்கப்பூர்ச் சித்தப்பா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. லாரியை மறிக்க நம்மால் முடியாது. ஊரில் இருப்பவர்களை மறிக்கச் சொல்வதும் தவறு, அடி வாங்கப்போவது அவர்கள். ஆனால் காகிதத்தைக் கேட்க முடியும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் 2012இலேயே சொல்லிவிட்டது. அந்த அனுமதி ஆணையில் எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை கன மீட்டர், எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அதைப் பொது ஆவணம் என்கிறது. யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும்.

அதோடு ஒவ்வொரு லாரி நடைக்கும் கனிமவளத் துறை கொடுத்த அனுமதிச் சீட்டுகளின், அதாவது நடைச்சீட்டுகளின் எண்ணிக்கையும் வேண்டும். கணக்கு எளிது. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் குழியில் அனுமதித்ததைவிட ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டியிருந்தால் 10,000 கன மீட்டர், ஏறத்தாழ 3,530 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 1,180 நடை. அத்தனை நடைக்கும் சீட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குழியின் கொள்ளளவும் சீட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனால் நானே முதல் ஆளாக மன்னிப்புக் கேட்டு, நன்கொடையை வாங்கலாம் என்று எழுதுகிறேன்.

குவாரியால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது என்று அக்கா எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரி ஓட்டும் பிள்ளைகளில் ஒருவன் என் பெரியப்பா பேரன். சீட்டில்லாத நடையில் பிடிபட்டால் வண்டியோடு நிற்கப்போவது அவன்தான், முதலாளி அல்ல. கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. அவனுக்காகவும்தான் கேட்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவுகள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில் போட்டால் மனு செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களில் இரண்டு பேர் வேண்டும். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆவணங்களோடு குழியை நேரில் பார்வையிடவும் மண் மாதிரி எடுக்கவும் அனுமதி கேட்டிருக்கிறேன். அரசு அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பணிகளைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது, தனியார் குழிக்கும் அது பொருந்துமா என்பது பதிலில்தான் தெரியும். பதில் வந்ததும் ஊரில் உள்ளவர்கள் அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வைக்கலாம்.

மனுவின் வரைவை இணைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புபவர்கள் ஞாயிறு இரவுக்குள் எனக்குத் தனிமடல் போடுங்கள். செயலாளர் அண்ணன் அதுவரை குவாரிக்காரருக்கு எந்தப் பதிலும் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து, இப்போது மஸ்கட்டில்