ஷாக் மவுண்டுக்கு ‘உறி’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவுக்குப் போன வாரம் வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு மறுபடி உட்கார்ந்து படித்தேன். மேசையின் அதிர்வு மைக்குக்குப் போகாமல் அதைத் தொங்கவிட்டுப் பிடிக்கும் ஷாக் மவுண்டுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அதிர்ச்சி ஏந்தி, அதிர்வு தாங்கி, அதிர்வுறிஞ்சி. மேசையில் பொருத்தி மைக்கைத் தூக்கிப் பிடிக்கும் பூம் ஆர்முக்கு நீள்கை, ஒலிவாங்கிக் கரம் என்று இரண்டு. உழைத்து யோசித்த சொற்கள்தான். ஆனாலும் கையேட்டில் போட்டுப் பார்த்தபோது எதுவும் சரியாக உட்காரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, என் பரிந்துரையையும் வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தச் சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் சிறு குழுவில் நானும் ஒருவன். எல்லாரும் வீட்டிலிருந்தே பதிவு செய்கிறோம். அவரவர் மேசை, அவரவர் மைக். புதிதாகச் சேருகிறவர் கேட்கும் முதல் கேள்வி எந்த மைக் வாங்குவது என்பது. ஆனால் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் மைக் இல்லை, மேசைதான். பக்கம் திருப்பும்போது முழங்கை இடிக்கும், மடிக்கணினியின் விசையைத் தட்டினால் ‘தொம்’ என்று விழும், தெருவில் லாரி போனால் தரை வழியாக ஒரு உறுமல் ஏறி வரும். இதற்காகத்தான் பூம் ஆர்மும் ஷாக் மவுண்டும். இவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு கையேடு எழுதி வைத்திருக்கிறேன். கேட்டுப் பழகிய மாணவர்களில் சிலர் இப்போது தாங்களே பதிவு செய்ய முன்வருகிறார்கள். அவர்கள் இந்தக் கையேட்டை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாகக் காதால்தான் படிப்பார்கள். அதனால் சொல் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாது, காதிலும் சட்டென்று விளங்க வேண்டும்.

முதலில் ‘அதிர்ச்சி ஏந்தி’. என் முதல் வரைவில் இதைத்தான் போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அன்று மாலையே அழைத்தார். “தம்பி, அஞ்சாம் பக்கத்துல 48 வோல்ட் மின்சாரம் மைக்குக்குப் போகும்னு எழுதியிருக்கீங்க. ஆறாம் பக்கத்துல அதிர்ச்சி ஏந்தி வாங்கச் சொல்றீங்க. மைக்கைத் தொட்டா ஷாக் அடிக்குமா?” அவர் கேட்டது முழுக்க நியாயம். தமிழில் ஷாக் என்றால் கரண்ட். அதிர்ச்சி என்றால் மின்னதிர்ச்சி, இல்லாவிட்டால் திடுக்கிடும் செய்தி. ஆங்கிலச் சொல்லில் இருப்பதோ வெறும் இடி, குலுக்கல். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாதிப் பாதியாக மொழிபெயர்த்ததால் வந்த வினை இது.

‘அதிர்வு தாங்கி’ இதைவிட மேல். ஆனால் அது வண்டிகளின் ஷாக் அப்சார்பருக்குப் போய்விட்ட சொல். அதோடு ‘தாங்கி’ ஏற்கெனவே சுமை அதிகமான சொல்: மைக் ஸ்டாண்டும் தாங்கி, பேரிங்கும் தாங்கி. ‘அதிர்வு தாங்கி’ என்றால் எவ்வளவு குலுக்கினாலும் உடையாத பொருள் என்றும் படலாம்.

‘அதிர்வுறிஞ்சி’யில் என் மனத்தடை வேறு. அது இந்தக் கருவியின் வேலையையே மாற்றிச் சொல்கிறது. ஷாக் மவுண்டு அதிர்வைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல உறிஞ்சுவதில்லை, கடந்து வர விடாமல் நிறுத்துகிறது. ஒரு வளையம், அதன் நடுவில் இலாஸ்டிக் கயிறுகளில் தொங்கும் மைக். வளையம் வேகமாக நடுங்கும்போது மைக் தன் எடையின் காரணமாக அதே வேகத்தில் பின்தொடர முடியாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

இதை அளந்தே பார்க்கலாம். மைக்கை மாட்டியதும் அதன் எடையால் இலாஸ்டிக் எவ்வளவு தொய்கிறது என்று பாருங்கள். 1 மில்லிமீட்டர் தொய்ந்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் என்றால் 8. 10 மில்லிமீட்டர் என்றால் 5. இந்த எண்ணைப்போல 1.4 மடங்குக்கு மேல் போன பிறகுதான் தடுப்பு வேலையே தொடங்கும், மேலே போகப் போக நன்றாகும். நம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கிறது, ஆகவே சில மில்லிமீட்டர் தொய்வு இருந்தால் நிம்மதி. மாறாக, கனமான மைக்குக்கென்று செய்த விறைப்பான ரப்பரில் லேசான மைக்கை மாட்டினால் தொய்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இயல்பு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டும். அப்போது மேசையின் ‘தொம்’ குறையாது, அந்த அதிர்வெண் பக்கம் கூடவும் செய்யும். ஷாக் மவுண்டு வாங்கியும் பயனில்லை என்று சொல்கிறவர்களின் மேசையில் நான் பெரும்பாலும் பார்த்தது இதைத்தான். மைக்கின் விட்டத்தைப் பார்த்து வாங்கியிருப்பார்கள், எடையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு, கடையில் வாங்கக் கையில் காசு இல்லாத நேரத்தில், நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு வளையம் அறுத்து, சுற்றிலும் எட்டு ஓட்டை போட்டு, தையல் கடையில் வாங்கிய வட்ட இலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, நடுவில் மைக்கை மாட்டினேன். காபி கொண்டு வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “என்னடா, மைக்கை உறியில தொங்க விட்டிருக்க?” என்றார். அன்றைக்கு அதை நான் சொல்லாகவே எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் உங்கள் மடல்களைப் படிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது.

உறி எதற்குக் கட்டினார்கள்? தயிர்ப் பானையையும் வெண்ணெய்ச் சட்டியையும் எறும்புக்கும் பூனைக்கும் எட்டாமல் வைக்க. தரையோடும் சுவரோடும் தொடர்பை அறுத்து, உத்தரத்திலிருந்து கயிற்றில் விட்டார்கள். எறும்பு வர வழி இல்லை. ஷாக் மவுண்டு செய்வதும் இதே வேலைதான். மேசையிலிருந்து மைக்குக்கு ஏறி வரும் வழியை அது அறுக்கிறது. எறும்புக்குப் பதில் அதிர்வு. வடிவமும் பொருந்துகிறது, வேலையும் பொருந்துகிறது. இரண்டெழுத்துச் சொல், கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி பார்த்த யாருக்கும் தெரிந்த சொல். கலைச்சொல் பட்டியலில் ‘ஒலிவாங்கி உறி’ என்றும், கையேட்டில் ‘மைக் உறி’ என்றும் வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

பழைய அடுக்களைப் பொருளின் பெயரை ஸ்டுடியோக் கருவிக்கு வைப்பதா என்று யாராவது கேட்கக்கூடும். செய்தவர்களே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இலாஸ்டிக் கயிறு கோத்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘கேட்ஸ் கிரேடில்’ என்று பெயர், குழந்தைகள் இரண்டு கையிலும் நூலை மாட்டிக்கொண்டு ஆடும் விளையாட்டின் பெயர் அது. பிரிட்டனின் ரைக்கோட் நிறுவனம் கயிறே இல்லாமல் ஹைட்ரெல் என்ற வளையும் பிளாஸ்டிக்கில் செய்யும் வகைக்கு ‘லயர்’ என்று பெயர். லயர் என்பது நம் யாழைப் போன்ற நரம்புக் கருவி. அந்த வகையை நாம் ‘யாழ் உறி’ என்றும் முந்தையதைக் ‘கயிற்று உறி’ என்றும் பிரித்துச் சொல்லலாம். வகை பிரிக்க இடம் கொடுக்கும் சொல்தான் கலைச்சொல்லாக நிலைக்கும். ‘அதிர்ச்சி ஏந்தி’க்கு முன்னால் ஒரு அடைமொழி சேர்த்துப் பாருங்கள், வாயில் நுழையாது.

தூளி என்ற சொல்லையும் யோசித்தேன். அன்பான சொல், ஆனால் தூளி ஆட்டுவதற்கென்றே இருப்பது. மைக் ஆடக் கூடாது. உறியை யாரும் ஆட்டுவதில்லை.

ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. உறியும் உரியும் பலர் வாயில் ஒன்றுபோலவே வரும், திரைவாசிப்பானிலும் அப்படித்தான். தனியாக ‘உறி’ என்று எழுதினால் கேட்பவர் தோல் உரிப்பதை நினைக்கலாம். அதனால் கையேட்டில் எங்கேயும் தனியாக எழுதாமல் ‘மைக் உறி’ என்றே எழுத வேண்டும். எங்கள் மாணவர் ஒருவருக்குத் திரைவாசிப்பானில் ஓடவிட்டுக் காட்டினேன். “பானை தொங்குமே, அதுவா? அப்ப மைக் அதுல தொங்குது, சரி” என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் கை. ‘நீள்கை’ சினிமாப் படப்பிடிப்பில் ஒருவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் பூம் கம்புக்குப் பொருந்தும். ஒரு முனையில் எடைக்கல் தொங்கும் பெரிய ஸ்டுடியோ ஸ்டாண்டுக்குத் ‘துலா’ என்றே சொல்லலாம், கிணற்றுத் துலாவின் அதே கணக்கு. ஆனால் மேசைக் கை இரண்டும் இல்லை. அது மடங்கும், சுருள்வில்லால் நிற்கும்.

அதன் முன்னோர் மேசை விளக்கு. இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்ற பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆங்கிள்பாய்ஸ் விளக்கின் கைதான் இன்று மைக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அவர் வாகனங்களின் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர். நம் ஊரில் வில் வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றோமே, அந்தத் துறைக்காரர். எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும்படி எடையைச் சுருள்வில்லால் சமன் செய்தார், மனிதக் கையை எலும்பும் தசையும் நிறுத்துவதுபோல. ஆகவே ‘கை’ என்ற சொல் இந்தக் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. வில் + கை சேர்த்து எழுதலாம் என்றால் புணர்ச்சியில் ‘விற்கை’ ஆகி விற்பனையில் போய் நிற்கிறது. மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி எல்லாம் வழக்கில் இருக்க, ‘மடக்குக்கை’ போதும். ‘கரம்’ என்று போனால் இன்னொரு வசதி கிடைக்காது. கை என்று வைத்தால் உறுப்புகளின் பெயரும் கூடவே வந்துவிடும்: மேசைப் பிடிக்கு மேலே சுழல்வது தோள், நடு மூட்டு முழங்கை, மைக் மாட்டும் முனை மணிக்கட்டு. “முழங்கைத் திருகை இறுக்குங்கள்” என்று எழுதினால் பார்வையற்றவர் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். இதுவரை ‘இரண்டாவது இணைப்புப் புள்ளி’ என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தேர்வு செய்யும் பகுதியில் இந்தச் சொற்களை ஓட்டிப் பார்த்தேன். அப்படியே தருகிறேன், எங்காவது இடறுகிறதா பாருங்கள்:

“மடக்குக்கை வாங்கும்முன் உங்கள் மைக்கின் எடையைப் பாருங்கள், மைக் உறியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடியோ டெக்னிகா ஏ.டி.2020 சுமார் 345 கிராம். ஷூர் எஸ்.எம்.7பி சுமார் 765 கிராம். ரோடு பாட்மைக் 937 கிராம். வில் வலுவாகவும் மைக் லேசாகவும் இருந்தால் கை மேலே துள்ளும். மைக் கனமாகவும் வில் தளர்வாகவும் இருந்தால் பதிவின் நடுவில் மெல்லக் கீழே இறங்கும். ரோடு பி.எஸ்.ஏ.1 பிளஸ் போன்ற கைகள் 94 கிராம் முதல் 1.2 கிலோ வரை ஏற்கும். விலை குறைந்த கைகளுக்கு இவ்வளவு அகலம் இருக்காது.

“எல்லா மைக்குக்கும் மைக் உறி வேண்டியதில்லை. ஷூர் எஸ்.எம்.58, எஸ்.எம்.7பி ஆகியவற்றின் உள்ளேயே காற்றை மெத்தையாக வைத்த மைக் உறி இருக்கிறது. பெரிய சவ்வு கொண்ட, நுண்ணிய அதிர்வையும் பிடித்துவிடும் கன்டென்சர் மைக்குக்குத்தான் அவசியம் வேண்டும்.

“மைக் உறியில் மாட்டிய பிறகு வயரை விறைப்பாக இழுத்துக் கையோடு கட்டாதீர்கள். இழுத்த வயர் வழியாகவே அதிர்வு மைக்குக்குள் போய்விடும். மைக்கை ஒட்டி ஒரு சாண் வயரைத் தொய்வாக வளைய விட்டு, அதன் பிறகு கட்டுங்கள்.”

கடைசிப் பத்தியை எழுதும்போது உறி என்ற சொல் எனக்கே உதவியது. உறியில் பானையை வைத்துவிட்டு, சுவரிலிருந்து ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் எறும்பு குச்சி வழியே ஏறும். வயர் விஷயம் அதே. கூட்டத்தில் இப்படிச் சொன்னபோது ஒருவர்கூட மறுபடி கேட்கவில்லை.

மரையை, அதாவது திருகின் சுற்றைப் பற்றிக் கேட்டிருந்த நண்பருக்கு: கையின் முனையில் வருவது பெரும்பாலும் 5/8 அங்குலம் அல்லது 3/8 அங்குலம். தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் நூல் என்பார்கள், அதன்படி ஐந்து நூல், மூன்று நூல். அமெரிக்க வழக்கு ஐந்து நூல், ஐரோப்பிய வழக்கு மூன்று நூல். ஒன்றை மற்றொன்றாக்கும் சிறு பித்தளை வளையம் பெட்டிக்குள் கிடக்கும், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அதற்கு ‘மரை மாற்றி’ என்று போட்டிருக்கிறேன். திருகின் சுற்றுக்கு மரை என்ற நல்ல சொல் பட்டறையிலேயே இருப்பதால் ‘நூல்’ அளவுக்கு மட்டும் இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஆக, வாக்கெடுப்புக்கு நான் வைப்பது மூன்று: ஒலிவாங்கி உறி, கயிற்று உறியும் யாழ் உறியும் அதன் வகைகளாக, மடக்குக்கை, மரை மாற்றி. அதிர்வு தாங்கியை வண்டிகளுக்கே விட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. பாப் ஃபில்டரை ஆறாம் பக்கத்தில் இன்னும் ஆங்கிலப் பெயரிலேயே விட்டு வைத்திருக்கிறேன். ‘ப’கர வெடிப்பைத் தடுக்கும் துணி அது, அதற்கும் ஒரு சொல் யோசித்து அனுப்புங்கள்.