மறு: விமான நிலைய மின்வண்டிகளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும், விமானத்தைத் தள்ளும் வண்டிகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> ‘கிரவுண்ட் சப்போர்ட்’ வண்டிகளைத் ‘தரை ஆதரவு வாகனம்’ என்றே சொல்லிவிடலாமே. எல்லாருக்கும் புரியுமே.

ஐயா, நேற்று இரவு அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “தரை துடைக்கிற மெஷினா?” என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை. ஆதரவு என்பது நமக்குத் தேர்தலில் தருவது, யாருமற்றவருக்குத் தருவது. பெட்டி ஏற்றுவதையும் விமானத்தைத் தள்ளுவதையும் யாரும் ஆதரவு என்பதில்லை. தரையும் உதவவில்லை. எந்த வண்டிதான் தரையில் ஓடவில்லை?

எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. விமான நிலையக் காற்றைச் சுத்தமாக்க அமெரிக்கா எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பத்து விமான நிலையங்களுக்குத் தலா 20 லட்சம் டாலர் வரை கொடுத்துப் புகை குறைந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் 2004இல், விமான நிலையங்கள் தாமாக முன்வந்து புகையைக் குறைக்கப் பணம் தரும் திட்டம் வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைச் சுருக்கமாக ‘வேல்’ (VALE) என்கிறார்கள். காற்றுத் தர அளவை எட்டாத பகுதிகளிலும், எட்டிவிட்டாலும் கண்காணிப்பில் இருக்கும் பகுதிகளிலும் உள்ள நிலையங்களுக்கு மட்டும் அது பொருந்தும். பணத்தில் ஒரு பங்கு டிக்கெட்டிலும் எரிபொருளிலும் பிடிக்கும் வரியிலிருந்து வருகிறது. பயணியிடம் ஒரு முறை ஏறுவதற்கு 4.50 டாலர் வரை வாங்கும் வசதிக் கட்டணத்தையும் பயன்படுத்தலாம். 2012இல், புகையே விடாத வண்டிகளுக்கென்று தனியாக ஒரு முன்னோட்டத் திட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது.

நம் விவாதத்துக்கு வேண்டியது ‘வேல்’ திட்டத்தின் ஒரு நிபந்தனை. அந்தப் பணத்தில் வாங்கிய வண்டி தன் ஆயுள் முழுக்க அந்த நிலையத்திலேயே உழைக்க வேண்டும். வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் அந்த ஊர்க் காற்றுக்கு என்ன பயன்? விதியே வண்டியை இடத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. அதனால் சொல்லும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

அந்த இடம் ‘ஏப்ரன்’. விமானங்கள் வந்து நின்று ஆளும் பெட்டியும் இறக்கும் வெளி. இதற்கு ‘முற்றம்’ போதும். வீட்டில் வண்டி வந்து நிற்பதும், மூட்டை இறங்குவதும், விருந்தாளி கால் வைப்பதும் முற்றத்தில்தானே. ‘ஓடுபாதை’ எவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது பாருங்கள். யாரும் அதைக் கலைச்சொல் என்று நினைப்பதுகூட இல்லை. ஆக, என் முன்மொழிவு: முற்றம், முற்றவண்டி.

போன மாதம் ஜன்னல் இருக்கையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தபோது, பெட்டி இழுக்கும் வண்டி ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு டிராலியை இழுத்துக்கொண்டு வந்தது. கூப்பிடு தூரம்தான் ஓடியிருக்கும். இறக்கைக்குக் கீழே நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போனார். எஞ்சின் அணையவில்லை. வண்டியின் பின்பக்கம் காற்று நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கத்துக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு பேர் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அவர்கள் மூச்சு அங்கேதான். இந்த வேலைக்கு மின்வண்டி அவ்வளவு பொருத்தம். தூரம் குறைவு, வேகம் குறைவு, நிற்பது அதிகம். நிற்கும்போது மோட்டார் ஓடத் தேவையில்லை. அடுத்த விமானம் வருவதற்குள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். காருக்குச் சுமையாக இருக்கும் பேட்டரி எடை, விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் வண்டிக்கு உதவியாகிவிடுகிறது. எடை இருந்தால்தான் சக்கரம் வழுக்காமல் தள்ளும். டீசல் வண்டியில் அதற்காகவே இரும்பை ஏற்றிவைப்பார்கள்.

தள்ளும் வண்டியைப் ‘பின்தள்ளி’ எனலாம். மின்தூக்கி இருக்கும்போது இதற்கு என்ன தடை? ‘தள்ளுவண்டி’ மட்டும் வேண்டாம், அது காய்கறிக்காரருடையது.

‘ஜீரோ எமிஷன்’ இன்னும் சிக்கல். ஒருவர் ‘புகையிலா வண்டி’ என்றார். அச்சில் அதைப் ‘புகையிலை வண்டி’ என்று படித்துவிடுவார்கள், உறுதியாக. ‘புகையற்ற’ என்றே இருக்கட்டும். குறைந்த அளவு புகைவிடும் வண்டிக்குக் ‘குறைபுகை வண்டி’. குறைகடத்தி (செமிகண்டக்டர்) போல நமக்குப் பழகிய சொல்லமைப்புதான். உமிழ்வு என்ற சொல்லைக் கணக்கும் அளவும் வரும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விமானமா வானூர்தியா என்ற பழைய வழக்கை இந்த இழையில் தயவுசெய்து திறக்க வேண்டாம்.

*

> ஆக, என் முன்மொழிவு: முற்றம், முற்றவண்டி.

தம்பி, முற்றம் எனக்குச் சம்மதம். எங்கட யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு முன்னால் இருக்கிற வெளியே முற்றம்தான். ஆனால் ‘முற்றவண்டி’ என்று எழுதினால் நோய் முற்ற, காய் முற்ற என்பதுபோல் ஒரு கணம் தடக்குகிறது. ‘முற்றத்து மல்லிகை மணக்காது’ என்று சொல்வோமே, அதே மாதிரி ‘முற்றத்து வண்டி’ என்று விட்டால் என்ன?

இன்னொன்று. நீங்கள் சொல்லும் பணத்தில் வண்டி மட்டுமா வாங்குகிறார்கள்?

*

அக்கா, நன்றி. அத்துச் சாரியை இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘முற்றத்து வண்டி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடையே இல்லை. மின்சாரத்தில் ஓடினால் ‘முற்றத்து மின்வண்டி’.

உங்கள் கேள்வி சரியான இடத்தில் தட்டுகிறது. ‘வேல்’ பணம் நகராத ஏற்பாடுகளுக்கும் போகிறது. நிற்கும் விமானத்தின் வாலுக்குள் ஒரு சின்ன டர்பைன் ஓடி விளக்குக்கும் ஏசிக்கும் சக்தி கொடுக்கும். முற்றத்திலிருந்தே கேபிளில் மின்சாரமும் குழாயில் குளிர்காற்றும் கொடுத்தால் அதை அணைத்துவிடலாம். இவற்றை வண்டி என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘முற்றத்துக் கருவிகள்’ என்றும், அதில் ஓடுவதை மட்டும் ‘முற்றத்து வண்டி’ என்றும் பிரித்துக்கொள்கிறேன்.

வால் டர்பைனுக்குத் ‘துணை எந்திரம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘வால் எந்திரம்’ இன்னும் தெளிவாக இருக்குமோ? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொன்னால் கட்டுரையில் மாற்றிவிடுவேன்.