பூஜாங் பள்ளத்தாக்கில் துறைமுகம் இருந்ததென்றால் கடல் எங்கே போயிற்று?

பீடோங் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலேசியாவின் கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கிலுள்ள மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "டீச்சர், கப்பல் வந்த ஊர் என்றீர்கள், எண்ணெய்ச் செம்பனையைத் தவிர ஒன்றையும் காணோமே" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னால் சரியாக விளக்க முடியவில்லை. இராசேந்திர சோழனுடன் வந்தவர்களின் வழித்தோன்றல்களே நாம் என்று சில பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை வகுப்பில் சொல்லலாமா என்பதையும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற நிலஅளவையாளர்:
மாணவன் கேட்டது நல்ல கேள்வி. பள்ளத்தாக்கு என்றதும் நமக்குக் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும், ஆனால் இது வேறு வகை நிலம். வடக்கே 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, தெற்கே மூடா ஆறு, நடுவில் பூஜாங், பத்து முதலிய சிற்றாறுகளை வாங்கிக்கொண்டு மேற்கே கடலில் கலக்கும் மெர்போக் ஆறு ஆகியவற்றுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தையே அப்பெயரால் குறிக்கிறோம். மெர்போக்கை ஆறு என்பதைவிடக் கழிமுகம் என்பதே பொருந்தும். ஓதநீர், அதாவது கடலின் ஏற்றநீர், உள்நாடு வரை ஏறி இறங்குவதால்தான் கரையெல்லாம் அலையாத்திக் காடாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இக்கழிமுகம் இன்னும் அகலமாக இருந்தது. பிறகு வண்டல் படிந்து தூர்ந்துபோயிற்று. நெல்லுக்கு வாய்த்த அதே வண்டல் கப்பலுக்கு ஆகவில்லை. பெங்காலான் பூஜாங் என்ற கம்பத்தின் (மலாய்க் கிராமத்தின்) பெயரைக் கவனியுங்கள். மலாயில் பெங்காலான் என்றால் படகுத்துறை. அங்கே மண்ணுக்கடியில் செங்கல் அடித்தளங்களும் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு ஜெராய்தான் கரையடையாளம். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை அவர்கள் தங்கியாக வேண்டும்.

இடையில் ஒன்று. கெடாவின் நெற்களஞ்சியம் இப்பள்ளத்தாக்கே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்பெருஞ்சமவெளி ஜெராய்க்கு வடக்கே அலோர்ஸ்டார் பக்கம் உள்ளது. மூடா ஆற்றின் மேற்பகுதி நீரை அணைகட்டி, சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பி அந்த வயல்களுக்கு விடுவதால் ‘மூடா பாசனத் திட்டம்’ என்று பெயர் வந்தது. குழப்பமும் அதனால்தான்.

செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்:
எங்கள் பக்கத்தில் தாழ்வான இடங்கள் மலாய்க்காரர்களின் வயல்களாகவும், செம்மண் மேடுகள் முதலில் பால்மரமாகவும் (ரப்பர்) பின்னர் செம்பனையாகவும் இருந்தன. வடிகால் வெட்டும்போது கருப்பாக, பொத்தல் பொத்தலாக, அளவுக்கு மீறிய கனத்துடன் கற்கள் வரும். என் தாயார் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்புக்கு முட்டுக் கொடுக்க அப்படி ஒன்றை வைத்திருந்தார். 2009-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழாய்வு தொடங்கி, இரும்பு உருக்கிய உலைகளையும், துருத்திக் காற்றை உள்ளே செலுத்திய களிமண் குழாய்களையும் வெளிக்கொணர்ந்த பிறகுதான் அது இரும்புக் கசடு என்று எங்களுக்குப் புரிந்தது. ஆகவே மற்ற நாட்டார் இறங்கிப் போகும் துறையாக மட்டும் இதைக் காட்டிவிடாதீர்கள். இங்கிருந்தவர்கள் உலை மூட்டி உழைத்தவர்கள்.

சுங்கைப்பட்டாணி வாசகர்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மீது, அதாவது இன்றைய கெடாவின்மீது, கடற்படை செலுத்தியதும், கடாரம் கொண்டான் எனப் பெயர் பெற்றதும் உண்மை. ஆனால் அது படையெடுப்பே தவிரக் குடியேற்றம் அன்று. 1909-இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் பெருகிய ரப்பர் தோட்டங்களுக்கு, சேலம், திருச்சி, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தவர்களே நம் தோட்டத்து முன்னோரில் பெரும்பாலோர். உதவி பெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை அவர்கள் வந்துகொண்டிருந்தனர். பாட்டனாரின் கப்பல் பயணத்தை மறைத்துவிட்டு மன்னனின் கப்பலில் ஏறிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

பீடோங் ஆசிரியை:
மிக்க நன்றி. அடுத்த முறை கழிமுகக் கரைக்கும் அழைத்துச் சென்று, ஓதம் ஏறுவதைக் காட்டுகிறேன். செமிலிங் ஐயா, அந்த அடுப்புக் கல் இன்னும் இருக்கிறதா?

செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்:
இல்லை, டீச்சர். லயத்தை இடித்தபோது அடுப்புடன் சேர்ந்து அதுவும் மண்ணுக்குள் போயிற்று.