நரம்பயர்வு: தோள் மூட்டு விலகலுக்குப் பின் தெரியவரும் நரம்புப் பாதிப்புக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

தோள் மூட்டு விலகிச் சிகிச்சை பெற்றவருக்குப் பிறகு தெரியவரும் நரம்புப் பாதிப்பைக் குறிக்க, 'சிகிச்சையால் விளைந்த நரம்புச் சிதைவு' என்று நண்பர் முன்வைத்த தொடரில் எனக்கு இரண்டு இடறல்கள் உள்ளன.

முதலாவது, 'ஆல்' என்னும் உருபு. பந்து கிண்ண மூட்டிலிருந்து பந்து முன்புறமாக நழுவிக் கீழே இறங்கும்போதே, மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் அக்குள் நரம்பு இழுபட்டுவிடலாம். விலகிய எலும்பை மூட்டுக்குள் திரும்ப ஏற்றும்போது இழுபடுவதும் உண்டு. எது எப்போது நேர்ந்தது என்பதை, ஏற்றுவதற்கு முன்பே சோதித்துக் குறித்து வைத்திருந்தால்தான் சொல்ல முடியும். என் அக்காள் மகன் கபடியில் விழுந்து தோள் இறங்கி வந்தபோது, மருத்துவர் முதலில் அவனுடைய தடுப்பூசித் தழும்பைச் சுற்றிப் பஞ்சால் வருடி, "தெரியுதா?" என்று கேட்டார். "கொஞ்சம் மதமதன்னு இருக்கு" என்றான். அதைச் சீட்டில் எழுதிய பிறகே எலும்பை ஏற்றினார். கையைக் கழுத்தோடு தொங்கக் கட்டியபின் அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்டார். அந்தத் தோலின் உணர்வும், கையைப் பக்கவாட்டில் தூக்கும் தோள் தசையும் அந்த நரம்பின் பொறுப்பு. அவன் விஷயத்தில் 'ஆல்' என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். ஆகவே, காரணம் உறுதிப்படாத வரையில், காலத்தை மட்டும் சொல்லும் 'மூட்டேற்றத்துக்குப் பிந்தைய' என்பதே நேர்மையானது.

'மூட்டேற்றம்' என்றதற்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'ரிடக்சன்' (reduction) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து 'மூட்டுக் குறைப்பு' என்று எழுதினால், எதைக் குறைத்தார்கள் என்று நோயாளி திகைப்பார். அதன் லத்தீன் வேருக்குத் 'திரும்பக் கொண்டுவருதல்' என்பதே பொருள். "எலும்பை ஏத்தி விட்டாங்க" என்று ஊரில் சொல்வது அதற்கு மிக நெருங்கி வருகிறது.

இரண்டாவது இடறல், 'சிதைவு'. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943இல் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். மின்கம்பியை நினைத்துக்கொண்டால் எளிது. முதல் வகையில் உள்ளே செம்பு இழை அறுபடுவதில்லை, ஓட்டம் மட்டும் ஓரிடத்தில் தடைபடுகிறது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ, சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களிலோ தானே திரும்பிவிடும். இரண்டாவதில் இழை அறுந்திருக்கும், உறை நிற்கும். அந்த உறை வழியே இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்தாக வேண்டும். மூன்றாவதில் நரம்பே துண்டுபட்டிருப்பதால் அறுவை சிகிச்சையின்றி வழியில்லை. தோள் விலகலில் நாம் காண்பது பெரும்பாலும் முதலிரு வகைகளே. அவற்றையும் சேர்த்துச் 'சிதைவு' என்பது நோயாளியை வீணாக அச்சுறுத்தும்.

முதல் வகைக்கு 'நரம்பயர்வு' என்று முன்மொழிகிறேன். கண்ணயர்ந்தவர் விழித்துக்கொள்வார் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. 'செயலிழப்பு' என்றால் சிறுநீரகம் நினைவுக்கு வந்து, இனி மீளாது என்று தோன்றும். 'மரப்பு' உணர்வை மட்டும் சொல்லும், தூக்க முடியாத கையைச் சொல்லாது. மரத்துப்போவதைக் குறிக்க ஈழத்தில் வழங்கும் 'விறைப்பு' தமிழ்நாட்டில் வேறு பொருள் தரும். 'நரம்புத் தளர்ச்சி'யைச் சுவரொட்டி வைத்தியர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சங்கப் பாடல்களில் 'விழவு அயர்தல்' என்றால் விழாக் கொண்டாடுதல் அல்லவா என்று புலவர்கள் கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டைப் படிப்பவர் எவரும் தம் நரம்பு விழாக் கொண்டாடுவதாக எண்ணமாட்டார் என்பதே என் பதில்.

மூன்றாம் வகைக்கு 'நரம்பறவு' பொருந்தும். இரண்டாம் வகைக்கு 'இழையறவு' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் 'தசையிழை' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், இயன்முறை மருத்துவர் அதைத் தசைக் கிழிசல் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். நரம்பின் உள்ளிழைக்குப் பாடநூல்கள் வழங்கும் 'ஆக்சான்' என்பதை ஏற்று 'ஆக்சான் அறவு' என்று வைத்துக்கொள்ளலாமா என்பதை, நாள்தோறும் இத்தகைய சீட்டுகளை எழுதும் உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.