மூன்று பேர் உட்கார்ந்திருந்த அரங்கு

சிறு குழுக்கள் சின்ன அறைகளில் நாடகம் போடும் ஃபிரிஞ்ச் விழாவின் நான்காம் நாள் மாலை. கதவைச் சாத்த இன்னும் இரண்டு நிமிடம். 60 நாற்காலி போட்டிருந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுப் பொறுப்பில் இருந்த தன்னார்வலர். சீட்டைப் பார்த்து உள்ளே விடுவது, தலை எண்ணுவது, நேரமானதும் விளக்கு இயக்குபவருக்குக் கை காட்டுவது எல்லாம் என் வேலை. கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து நடிகை தலையை நீட்டி, "எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்வது "வந்துட்டே இருக்காங்க" என்பதுதான். அன்று அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "மூணு பேர்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "சரி, சாத்திடுங்க" என்றார்.

அது ஓராள் நாடகம். அப்பா இறந்துபோக, அவருடைய வேலை மேசையை ஒழிக்க வரும் மகள்தான் பாத்திரம். அப்பா வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். மேடையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, பின்மூடி கழற்றிய பழைய வானொலி, ஒரு தகர டப்பா. ஆரம்பத்திலேயே டப்பாவைத் திறந்து, "கொஞ்ச நேரம் வச்சிருங்க, தொலைச்சிடாதீங்க" என்று பார்வையாளர்களிடம் ஆளுக்கொரு திருகாணியாகக் கொடுப்பார். முடிவில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டு மூடுவார். 60 பேருக்கென்று எண்ணி வைத்திருந்த டப்பா அது. ஆள் குறைவு என்று அந்தக் காட்சியை அவர் விட்டுவிடவில்லை. மூவருக்கும் கை நிறைய அள்ளிக் கொடுத்தார். கதவோரம் நின்ற என்னிடமும் வந்து உள்ளங்கையில் கொட்டினார். துருவும் எண்ணெயும் கலந்த வாசனை அன்று இரவு வரை கையில் இருந்தது.

அந்த மூவரில் ஒருவருக்கு முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் இரத்ததான முகாம். கொடுத்து முடித்தவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வார்கள். இவர் அதை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது எங்கள் கதவு திறந்திருந்ததைப் பார்த்து எட்டிப் பார்த்தார். "உள்ளே என்ன நடக்குது?" என்றார். நாடகம், 50 நிமிடம் என்றேன். நாடகமே பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே சீட்டு வாங்கினார்.

பாதி நாடகத்தில் ஓர் இடம் வரும். மகள் வானொலியின் குமிழைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இதை எந்தப் பக்கம் திருப்புவார்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். எழுதியவருக்கு அங்கே பதில் தேவையில்லை. ஆனால் பஞ்சு ஒட்டியிருந்த அந்த மனிதர், "இடது பக்கம்மா, மெதுவா" என்றார். கிசுகிசுப்பாகக்கூட இல்லை, வீட்டில் பேசுவதுபோல. நடிகை அவரைப் பார்த்தார். இடது பக்கம், மெதுவாகத் திருப்பினார். அப்புறம் நெடுநேரம் யாரும் அசையவில்லை. அறை நிறைந்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் ஆட்டத்துக்கு அரை மணி முன்பாகவே வந்து நின்றார். கூட இரண்டு பேர். சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து என்னிடம் நீட்டி, "தொலைச்சிடாதீங்கன்னு சொன்னாங்களே, பையிலேயே தங்கிடுச்சு" என்றார். அதை நீங்களே உள்ளே போய்க் கொடுங்கள் என்று அனுப்பினேன்.

ஃபிரிஞ்ச் விழா என்றால் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு: பெரிய அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது, அதனால் தரம் இருக்காது. இதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது, அழைப்பே இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் போய்ச் சேர்ந்தன. கிடைத்த சின்னச் சின்ன இடங்களில் தாங்களே ஆடின. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடக ஆசிரியர், அதிகாரப்பூர்வ விழாவின் விளிம்பில் (ஆங்கிலத்தில் ‘ஃபிரிஞ்ச்’) நடப்பவை என்று பத்திரிகையில் எழுத, அந்தச் சொல்லே பெயராக நிலைத்தது. 1958-இல் அங்கே சங்கம் அமைத்தபோதும், எந்த நாடகம் வரலாம், எது கூடாது என்று யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்தார்கள். கனடாவில் 1982-இல் எட்மன்டனில் தொடங்கி வளர்ந்த விழாக்கள் இன்னொரு வழக்கத்தைக் கொண்டுவந்தன. குழுக்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், நாடகத்துக்கான சீட்டு விலை முழுவதும் ஆடுபவர்களுக்கே போய்ச் சேரும்.

எங்கள் விழாவும் இந்த இரண்டாவது முறைதான். குலுக்கலின்போது நான் கூடவே இருந்தேன். ஒரு டப்பாவில் பெயர்கள், அதில் கைவிட்டு எடுத்தது ஒரு பள்ளிச் சிறுமி. இருபது வருடம் மேடையேறியவரும் முதல் நாடகம் எழுதியவரும் ஒரே டப்பாவில் கிடந்தார்கள். ஆனால் பெயர் வந்துவிட்டால் மட்டும் போதாது. வந்த குழு அறையில் விளக்கு, ஒலி எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் ஒத்திகை பார்த்தாக வேண்டும். முந்தின குழு கிளம்பியதும் தங்கள் பொருள்களை வைக்க 15 நிமிடம்தான் கிடைக்கும். தரையில் இருட்டிலும் ஒளிரும் பட்டையை ஒட்டி, மேசைக்கால் எங்கே வர வேண்டும் என்று குறித்துவைப்பார்கள். மேடை இருண்டதும் நடிகர் கால் தடுக்காமல் போவது அந்தப் பட்டையை நம்பித்தான். இவ்வளவு பாடுபட்டு வருகிறவர்களுக்கு மூன்று சீட்டு என்றால் மூன்று சீட்டுக்கான பணம்தான்.

சுமாரான நாடகங்களும் இருந்தன, மறைக்கவில்லை. ஓர் இளைஞர் குழுவுக்கு விளக்கு மாற்றங்கள் ஒன்று தள்ளிப்போய், வசனத்தின் நடுவே மேடை இருண்டது. இருட்டிலேயே பேசி முடித்தார்கள். மூன்றாம் ஆட்டத்தில் அதே காட்சி அவ்வளவு அழகாக வந்தது. அந்த முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் எழுந்து போயிருந்தால் மூன்றாம் ஆட்டம் அப்படி வந்திருக்குமா என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அறைக்கு ஒரே கதவு. திறந்தால் நேரே மேடை. அதனால் ஆட்டம் தொடங்கியபின் யாரையும் விடுவதில்லை. ஒரு நாள், தொடங்கி நான்கு நிமிடம் கழித்து ஓர் அம்மா மூச்சிரைக்க வந்தார். உள்ளே ஆடுவது அவர் மகன். "ஓரமா நின்னுக்கறேம்பா" என்று கெஞ்சினார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டேன், உட்காரவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "இது அவனே எழுதினது" என்பார். ஒரு இடத்தில் உள்ளே ஒரே அமைதி. "இங்க அவன் அழுவான்" என்றார், வீட்டில் ஒத்திகை பார்த்ததைக் கேட்டே எல்லாம் மனப்பாடம் அவருக்கு.

முடிந்து கதவு திறந்ததும், வெளியே வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வந்ததும் முதலில் கேட்டது, "எத்தனை பேர் இருந்தாங்க?" மகனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். இருபத்தொன்று என்றேன். "என்னைச் சேர்த்து இருபத்திரண்டு" என்றார் அந்த அம்மா. கணக்குத் தாளில் அடித்துத் திருத்தி 22 என்றே எழுதினேன்.

கதவுப் பொறுப்பில் இருந்தவர்கள் இங்கே வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். கூட்டமே இல்லாத நாளில், உள்ளிருந்து எட்டிப் பார்த்து எத்தனை பேர் என்று கேட்டால், நீங்கள் உண்மையான எண்ணைச் சொல்வீர்களா? நான் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன். முடிந்தால், யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.